காசு கொடுக்காமல் பேக்லிங்க் சேர்ப்பது எப்படி? சின்ன வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு

வெப்சைட் போட்டாயிற்று, கட்டுரைகளும் எழுதியாயிற்று, ஆனால் கூகுளில் தேடினால் நம்முடையது நாலாம் பக்கத்துக்கும் கீழே கிடக்கிறது. மேலே இருப்பவர்கள் எழுதியதில் நாம் எழுதியதில் பாதி விஷயம்கூட இல்லை. இந்தப் புலம்பலை நான் அடிக்கடி கேட்கிறேன். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: அந்த வெப்சைட்டுக்கு வெளியிலிருந்து ஒரு லிங்க்கூட வரவில்லை. யாருமே சுட்டிக் காட்டாத பக்கத்தை நம்பி மேலே தூக்கிவைக்கத் தேடுபொறிக்குக் காரணம் எதுவும் இல்லை.

இப்படி வெளித் தளங்களிலிருந்து நமக்கு வரும் லிங்க்கைத்தான் பேக்லிங்க் என்கிறோம். அதை நேர்வழியில் சேர்ப்பது எப்படி என்று இங்கே எழுதுகிறேன். நேரம் வேண்டும், முன்பின் தெரியாதவருக்குக் கடிதம் எழுதும் கூச்சத்தைக் கொஞ்சம் விடவேண்டும். பணம் வேண்டாம்.

பேசுவது அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு கடையை வைத்துக்கொள்வோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாரம்பரிய அரிசி விற்கிற சின்னக் கடை. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், காட்டுயானம் எல்லாம் உண்டு, சென்னை, பெங்களூரு வரை கூரியரில் அனுப்புகிறார்கள். உங்களுடையது தையல் வகுப்பாகவோ பல் மருத்துவமனையாகவோ இருந்தாலும் வேலை இதேதான்.

லிங்க்குக்கு ஏன் இந்த மதிப்பு

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் வெளியிட்ட கட்டுரையில் பேஜ்ரேங்க் என்ற கணக்கை விளக்கினார்கள். ஆராய்ச்சி உலகில் ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பைப் பார்க்கும் வழக்கம் உண்டல்லவா, அதையே வலைப்பக்கங்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு பரிந்துரை. ஆனால் எல்லாப் பரிந்துரைக்கும் ஒரே எடை கிடையாது. பலர் மதிக்கும் பக்கத்திலிருந்து வந்தால் எடை அதிகம். அந்தப் பக்கத்திலிருந்து வெளியே எத்தனை லிங்க் போகிறதோ அத்தனை பங்காக அந்த எடை பிரியும். சம்பந்தம் பேசும்போது ஊரில் விசாரிப்பார்களே, அப்போது தெருவில் போகிற நூறு பேர் சொல்வதைவிட நம்மை நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவர் சொல்வதுதான் எடுபடும், இங்கேயும் அப்படித்தான்.

இன்று கூகுள் பார்க்கும் விஷயங்கள் ஏராளம், லிங்க் அவற்றில் ஒன்று. பக்கத்தில் சரக்கு இல்லாமல் லிங்க் மட்டும் வைத்து மேலே வந்த காலம் போய்விட்டது. ஆனால் நல்ல சரக்கு இருந்தும் ஒரு லிங்க்கூட இல்லாத புதிய தளம், போட்டி இருக்கிற சொல்லுக்கு மேலே வருவது இன்றும் கஷ்டம்தான்.

ஒரு எச்சரிக்கை. டொமைன் அத்தாரிட்டி, டொமைன் ரேட்டிங் என்று நூறுக்கு இவ்வளவு மார்க் போட்டுக் காட்டுவார்கள். முதலாவது மோஸ் நிறுவனம் போடும் கணக்கு, இரண்டாவது ஏரெஃப்ஸ் நிறுவனத்துடையது. இரண்டுமே கூகுளுடையவை அல்ல. இரண்டு தளங்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான். அந்த எண்ணை உயர்த்துவதையே வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் கையில் இருப்பதைக் காப்பாற்றுங்கள்

புதிய லிங்க் தேடிக் கிளம்பும் முன், ஏற்கெனவே வந்த லிங்க் எங்கே போய் முட்டுகிறது என்று பாருங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை, ஆனால் மிகக் குறைந்த உழைப்பில் பலன் தருவது இதுதான்.

கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உங்கள் தளத்தைச் சேர்த்துவிட்டு, இடப்பக்கப் பட்டியலில் லிங்க்ஸ் என்பதைத் திறங்கள். வெளியிலிருந்து அதிகம் லிங்க் வரும் நம் பக்கங்கள் எவை, எந்தத் தளங்கள் கொடுத்திருக்கின்றன, என்ன சொல்லில் கொடுத்திருக்கின்றன என்று தனித்தனியாகக் காட்டும். இது முழுப் பட்டியல் அல்ல, ஒரு மாதிரிதான், இருந்தாலும் இலவசமாகக் கிடைப்பதில் இதைத்தான் முதலில் நம்பவேண்டும். பிங் வெப்மாஸ்டர் டூல்ஸிலும் இதேபோல ஒன்று உண்டு, அதையும் போட்டுவைத்தால் இதில் விட்டது அதில் கிடைக்கும்.

அப்புறம் சர்ச் கன்சோலின் பேஜஸ் அறிக்கையில் 404, அதாவது பக்கம் இல்லை, என்று வரும் முகவரிகளைப் பாருங்கள். நம் கடைக்காரர் மூன்று வருடத்துக்கு முன் மாப்பிள்ளைச் சம்பா பற்றி எழுதினார், பிறகு தளத்தை மாற்றியமைத்தபோது அதன் முகவரி மாறிவிட்டது என்று வையுங்கள். பழைய முகவரிக்கு யாரோ கொடுத்த லிங்க் இன்றும் அங்கேயே இருக்கிறது, சொடுக்கினால் பக்கம் இல்லை என்று வருகிறது. பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) போட்டால் அந்த லிங்க் மறுபடி நமக்காகிவிடும். வேர்ட்பிரஸில் இதற்கு இலவச பிளகின்கள் இருக்கின்றன. பிளாக்கரில் செட்டிங்ஸுக்குள்ளேயே, உங்கள் தளத்துக்குள் அடங்கிய முகவரிகளுக்கு, இதற்கான இடம் உண்டு. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடாதீர்கள். பழைய பக்கத்தில் இருந்த விஷயம் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே திருப்புங்கள்.

பிளாக்கரில் எழுதியவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. 2012 வாக்கில் இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு பிளாக்ஸ்பாட் முகவரிகள் டாட் காம் என்பதற்குப் பதிலாக டாட் இன் என்று மாறி வந்தன. அப்போது பலரும் கண்ணில் பட்ட டாட் இன் முகவரியையே எடுத்து லிங்க் கொடுத்துவிட்டார்கள். 2020-ல் அந்த டாட் இன் பெயர் கூகுளின் கையைவிட்டே போய்விட்டது. அதை நோக்கிக் கொடுத்த லிங்க் எல்லாம் செத்துப்போயின, நாம் இந்தப் பக்கம் ரீடைரக்ட் போடவும் முடியாது. ஆனால் உங்கள் பழைய பதிவுகளுக்கு யார் அப்படி லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், டாட் இன் என்பதை டாட் காம் என்று மாற்றச் சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். அவர்களுக்கு அரை நிமிட வேலை. உடைந்த லிங்க்கைச் சரிசெய்ததில் அவர்களுக்கும் திருப்திதான்.

லிங்க் கொடுக்கத் தோன்றும் பக்கம்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, இதில்தான் நேரம் போகவேண்டும்.

அரிசி விற்கும் பக்கத்துக்கு யாரும் லிங்க் கொடுக்கமாட்டார்கள். கிலோ இவ்வளவு, கூடையில் சேர்க்கவும் என்று இருக்கும் பக்கத்தைத் தன் கட்டுரையிலிருந்து சுட்டிக்காட்ட யாருக்கு என்ன தேவை? எழுதுகிறவர் எப்போது லிங்க் கொடுப்பார் என்று யோசியுங்கள்: தான் விளக்க நேரமில்லாத ஒன்றை வேறொருவர் நன்றாக விளக்கியிருந்தால் கொடுப்பார், தான் சொல்லும் தகவலுக்கு ஆதாரம் தேவைப்பட்டால் கொடுப்பார், தன்னிடம் இல்லாத படமோ கணக்கோ இன்னொருவரிடம் இருந்தால் கொடுப்பார்.

நம் அரிசிக் கடைக்காரரிடம் இந்த மூன்றும் இருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. பாரம்பரிய அரிசி வாங்குகிற எல்லோருக்கும் வரும் சந்தேகம், எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எத்தனை பங்கு தண்ணீர், குக்கரில் எத்தனை விசில். கருப்புக் கவுனியை இரவே ஊறப்போடாமல் பொன்னி அரிசி மாதிரி உடனே அடுப்பில் ஏற்றிவிட்டு வேகவே இல்லை என்று போன் செய்கிறவர்கள் இருப்பார்கள். கடையில் இருக்கிற ஒவ்வொரு ரகத்தையும் ஒரே அளவு கப்பில் அளந்து, ஒரே குக்கரில் வேகவைத்து, ஊறிய நேரம், தண்ணீர், விசில், வெந்தபின் ஒரு கப் எத்தனை கப் ஆனது என்று எழுதிவைக்கவேண்டும். ஊறும் முன் ஒரு படம், வெந்தபின் ஒரு படம், இரண்டும் ஜன்னல் வெளிச்சத்தில். ஒரு வாரம் வீட்டில் தினம் ஒரு அரிசிச் சோறு. முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக ஒரு பக்கத்தில் போட்டுவிட்டால், சமையல் குறிப்பு எழுதுகிற ஒவ்வொருவருக்கும் அது வேண்டியிருக்கும். அதைத் திரும்பச் செய்து பார்க்க அவர்களுக்கு நேரமும் இருக்காது, அத்தனை ரகமும் கையில் இருக்காது.

இன்னொரு பக்கம், சாகுபடி பற்றியது. எந்த ரகத்தை எந்தப் பட்டத்தில் விதைத்தார்கள், எத்தனை நாளில் அறுத்தார்கள், தண்ணீர் நின்ற வயலில் எது தாங்கியது என்று தங்களுக்கு நெல் கொடுக்கும் விவசாயிகளிடம் கேட்டு, அவர்கள் அனுமதியோடு போடலாம். காட்டுயானம் ஏறத்தாழ ஆறு மாதப் பயிர், பூங்கார் அதில் பாதி நாளில் அறுவடைக்கு வந்துவிடும் என்பதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். இந்த வருடம் இந்த ஊரில் இந்த வயலில் என்ன நடந்தது என்பது நம்மிடம் மட்டும்தான் கிடைக்கும். அந்த வித்தியாசத்துக்குத்தான் லிங்க் வருகிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, நான் உறுதியாக நம்புகிறேன். ஆங்கிலத்தில் எந்தத் தலைப்பை எடுத்தாலும் ஆயிரம் பேர் எழுதி முடித்திருப்பார்கள். தமிழில் நேரடியாகச் சோதித்து எழுதிய பக்கம் பல தலைப்புகளில் ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. முதல் ஆளாக ஒழுங்காகச் செய்தால், பின்னால் வருபவர்கள் வருடக்கணக்கில் அதையே காட்டுவார்கள்.

பக்கத்தின் முகவரி விஷயத்தில் ஒரு கவனம் வேண்டும். வேர்ட்பிரஸில் தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியும் தமிழிலேயே உருவாகும். பார்க்க அழகுதான். ஆனால் அதை நகல் எடுத்து வேறு இடத்தில் ஒட்டும்போது பெரும்பாலும் சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டுவிடும். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியீடும் அதில் ஒன்பது எழுத்தாகிறது. நெல் என்ற சின்னச் சொல், ஒற்றைக்கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் நான்கு குறியீடு, முகவரியில் 36 எழுத்து. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் கொடுக்கிறது, ஆக 22 குறியீட்டுக்கு மேல் தலைப்பு போனால் நடுவில் வெட்டிவிடும். இப்படிப்பட்ட முகவரியை மின்னஞ்சலில் பார்க்கிறவர் ஏதோ வைரஸ் என்று நினைத்துவிடலாம், ஒட்டும்போது பாதியில் அறுந்தும் போகும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தமிழ் முகவரியில் இருக்கும் பழைய பக்கங்களைக் கை வைக்கவேண்டாம், இனிமேல் போடுவதற்கு இப்படிச் செய்தால் போதும்.

யாரிடம் கேட்பது

நம் ஊர் வாசகர்கள் பிடித்ததை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், ஃபேஸ்புக்கில் போடுவார்கள், யூடியூபில் சொல்வார்கள். இதனால் ஆட்கள் வருவார்கள், நல்லதுதான், ஆனால் வாட்ஸ்அப் செய்தியைத் தேடுபொறி பார்ப்பதே இல்லை, சமூக ஊடக லிங்க்குகள் தரவரிசைக்குப் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. ஆயிரம் பேர் பகிர்ந்த பக்கத்துக்கு ஒரு பேக்லிங்க்கூட இல்லாமல் இருப்பது இதனால்தான். ஆகவே சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர் யார் யார் என்று தேடிப் போய்க் கேட்கத்தான் வேண்டும்.

தெரிந்தவர்களிலிருந்து தொடங்குங்கள். நமக்கு நெல் கொடுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குத் தளம் இருந்தால், எங்கள் அரிசி இங்கே கிடைக்கும் என்று நம் பெயரைப் போடச் சொல்லலாம். நம் அரிசியை வாங்கி விற்கும் இயற்கை அங்காடி, நாம் சேர்ந்திருக்கும் வணிகர் சங்கம், நாம் கடை போட்ட விதைத் திருவிழாவை நடத்தியவர்கள், நம்மிடம் களப்பயணம் வந்த கல்லூரியின் துறை, இவர்களெல்லாம் உண்மையாகவே நம்மோடு தொடர்புள்ளவர்கள். கேட்டால் மறுக்கமாட்டார்கள், நாம்தான் கேட்பதில்லை.

அடுத்து, நம் பெயரைச் சொல்லிவிட்டு லிங்க் கொடுக்காமல் விட்டவர்கள். கூகுளில் மேற்கோள் குறிக்குள் கடையின் பெயரை எழுதி, இடைவெளி விட்டு, கழித்தல் குறி போட்டு, அதை ஒட்டியே ஆங்கிலத்தில் சைட் என்ற சொல், முக்காற்புள்ளி, நம் தள முகவரி என்று கொடுத்தால் நம் தளத்தைத் தவிர மற்ற இடங்களில் நம் பெயர் வருவதெல்லாம் காட்டும். தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை தேடுங்கள். நம்மவர்கள் ஒரே பெயரைப் பல விதமாக எழுதுவார்கள், கருப்பு என்று ஒருவர், கறுப்பு என்று இன்னொருவர், ஒற்று போட்டு ஒருவர், போடாமல் ஒருவர். எல்லா விதத்திலும் தேடவேண்டும். படங்களுக்கும் இதே வேலை: நாம் எடுத்த நல்ல படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் யாரெல்லாம் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தெரியும். சண்டைக்குப் போகவேண்டாம். படத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், கீழே எங்கள் பெயரும் லிங்க்கும் கொடுத்தால் போதும் என்று எழுதினால் பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும்.

மூன்றாவது, உடைந்த லிங்க் தேடுவது. பொறுமை அதிகம் வேண்டும். பாரம்பரிய நெல், இயற்கை வேளாண்மை என்று தொகுப்பாக லிங்க் கொடுத்திருக்கும் பழைய பக்கங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு லிங்க்காகச் சொடுக்கிப் பாருங்கள், இதற்கு பிரௌசர் நீட்டிப்புகளும் உண்டு. செத்துப்போன லிங்க் கிடைத்தால், அந்த முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டு அங்கே முன்பு என்ன இருந்தது என்று பாருங்கள். அதே விஷயம் நம்மிடம் அதைவிட நன்றாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். நம்மிடம் இல்லாவிட்டாலும் லிங்க் உடைந்திருப்பதைச் சொல்லிவிடுவது நல்லது, அடுத்த முறை எழுதும்போது நம்மைத் தெரிந்திருக்கும்.

கடிதம்

கேட்கும் கடிதம் சின்னதாக, அந்த ஒருவருக்காகவே எழுதியதாக இருக்கவேண்டும். கருப்புக் கவுனிப் பாயசம் பற்றி எழுதிய ஒருவருக்கு நம் கடைக்காரர் இப்படி எழுதலாம்:

"வணக்கம். நீங்கள் எழுதிய கருப்புக் கவுனிப் பாயசக் குறிப்பைப் படித்தேன். அரிசியை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்று கீழே சிலர் கேட்டிருந்தார்கள். நாங்கள் திருத்துறைப்பூண்டியில் பாரம்பரிய அரிசிக் கடை வைத்திருக்கிறோம். எங்களிடம் உள்ள எல்லா ரகங்களையும் வீட்டிலேயே வேகவைத்துப் பார்த்து, ஊறும் நேரம், தண்ணீர் அளவு, விசில் மூன்றையும் அட்டவணையாகப் போட்டிருக்கிறோம். முகவரி கீழே இருக்கிறது. உங்கள் வாசகர்களுக்கு உதவும் என்று தோன்றினால் அந்தக் குறிப்பில் லிங்க் கொடுங்கள். அட்டவணையில் தவறு எதுவும் கண்ணில் பட்டால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். நன்றி."

இதற்குக் கீழே சொந்தப் பெயர், கடையின் பெயர், போன் எண். இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். உங்கள் தளம் அருமை, தொடர்ந்து படிக்கிறேன் என்ற புகழ்ச்சி எல்லோருக்கும் அனுப்பும் அச்சுக் கடிதத்தில்தான் வரும், படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். இந்தச் சொல்லில்தான் லிங்க் வைக்கவேண்டும் என்று கேட்கவும் கூடாது. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிடுங்கள்.

லிங்க் வைக்கப்பட்ட சொல்லைத்தான் ஆங்கர் டெக்ஸ்ட் என்கிறார்கள். அது இயல்பாக வரட்டும். ஒருவர் கடையின் பெயரில் கொடுப்பார், ஒருவர் அரிசி ஊறவைக்கும் அட்டவணை என்று கொடுப்பார், ஒருவர் வெறும் இங்கே என்று கொடுப்பார். வரும் லிங்க் எல்லாமே பாரம்பரிய அரிசி ஆன்லைன் என்ற ஒரே சொல்லில் வந்தால், பார்த்தவுடனே இது ஏற்பாடு செய்தது என்று தெரிந்துவிடும், கூகுளுக்கும்தான்.

கெஸ்ட் போஸ்ட், செய்தித்தாள்

இன்னொருவர் தளத்தில் கட்டுரை எழுதி அதில் நம் லிங்க்கை வைப்பது ஒரு காலத்தில் பெரிய தொழிலாகவே நடந்தது. கூகுளின் ஸ்பேம் தடுப்புக் குழுவை அப்போது நடத்திய மாட் கட்ஸ், 2014 ஜனவரியில், லிங்க்குக்காக கெஸ்ட் போஸ்ட் எழுதும் காலம் முடிந்தது என்றே எழுதிவிட்டார். என் கருத்து: நமக்கு வேண்டிய வாசகர்கள் அந்தத் தளத்தில் இருந்தால், லிங்க் இல்லாவிட்டாலும் எழுதுவேன் என்று தோன்றினால், எழுதுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

உள்ளூர் நிருபர்களுக்கு நம்மிடம் இருக்கும் தகவல் பயன்படும். சம்பா அறுவடை முடிந்து விலை மாறும் நேரத்தில், எங்களிடம் இந்த ரகம் போன வருடம் இவ்வளவு, இந்த வருடம் இவ்வளவு என்று கையில் கணக்கோடு பேசும் கடைக்காரரை அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். செய்தி ஆன்லைனில் வரும்போது அந்த அட்டவணைப் பக்கத்துக்கு லிங்க் தரமுடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தமிழ் நாளிதழ்த் தளங்களில் வெளி லிங்க் கொடுப்பது குறைவு, கிடைக்காவிட்டாலும் பெயர் வந்தது லாபம்தான்.

நோஃபாலோ என்றால் பதற வேண்டாம்

லிங்க்கின் பின்னால் இருக்கும் எச்டிஎம்எல்லில் நோஃபாலோ என்று ஒரு குறிப்பு இருக்கலாம். கருத்துப் பெட்டிகளில் ஸ்பேம் லிங்க் கொட்டுவதைத் தடுக்க 2005-ல் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது. 2019-ல் கூகுள் இதோடு இன்னும் இரண்டு சேர்த்தது: காசு கொடுத்து வைத்த லிங்க்குக்கு ஸ்பான்சர்டு, வாசகர்கள் எழுதும் இடத்தில் வரும் லிங்க்குக்கு யுஜிசி. அப்போதிலிருந்து இவற்றைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு குறிப்பாகவே பார்ப்பதாகவும் சொன்னது. பிரௌசரில் லிங்க்கின் மேல் வலது சொடுக்கு போட்டு இன்ஸ்பெக்ட் என்று கொடுத்தால் எந்தக் குறிப்பு இருக்கிறது என்று தெரியும்.

விக்கிபீடியாவின் வெளி இணைப்புகள் எல்லாம் நோஃபாலோதான். அதனால் அங்கே போய் நம் கடை லிங்க்கைச் செருகுவதால் தரவரிசைக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது, நீக்கியும் விடுவார்கள். ஆனால் நம் சாகுபடிக் குறிப்பை வேறொருவர் தானாகவே மேற்கோளாகச் சேர்த்தால் அதன் வழியாக வரும் வாசகரில் ஒருவர் நாளை எழுதுகிறவராக இருப்பார். நோஃபாலோ என்று தெரிந்ததும் நல்ல இடத்தை விட்டுவிடாதீர்கள்.

வாங்காதீர்கள்

ஐந்நூறு பேக்லிங்க் இத்தனை ரூபாய் என்று மின்னஞ்சல் வரும். பதிலே போடாதீர்கள். அதில் கிடைப்பது ஆளில்லாத தளங்கள், ஒருவரே நடத்தும் போலி வலைகள், பழைய டொமைனை வாங்கி லிங்க்குக்காகவே ஓட்டும் இடங்கள். டொமைனை இப்படிப் பயன்படுத்துவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளிலேயே பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டது.

பெரிய நிறுவனம் என்றால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. அமெரிக்காவின் ஜேசி பென்னி கடை, உடை முதல் படுக்கை விரிப்பு வரை எதைத் தேடினாலும் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தது. சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் அதற்கு லிங்க் வைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. கூகுள் உடனே நடவடிக்கை எடுத்தது, முதலிடங்கள் போயின. எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்ன நிறுவனம், எஸ்இஓ, அதாவது தேடலில் மேலே கொண்டுவரும் வேலையைப் பார்த்தவர்களை நிறுத்தியது. அடுத்த வருடம் ஏப்ரலில் பென்குவின் என்ற மாற்றம் வந்து, இப்படி லிங்க் சேர்த்த தளங்கள் கூட்டம் கூட்டமாகக் கீழே இறங்கின. 2016-லிருந்து அது கூகுளின் அடிப்படைக் கணக்கிலேயே ஒரு பகுதி. இப்போது போலி லிங்க்கைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமலே விட்டுவிடுகிறார்கள், அதாவது கொடுத்த காசு வீண். அதையும் தாண்டி ஆளே பார்த்துத் தண்டித்தால் சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன் என்று வந்து நிற்கும், அதிலிருந்து மீள மாதக்கணக்கில் ஆகலாம். சின்னக் கடைக்கு அந்த மாதங்கள் பெரிய நஷ்டம்.

நீ எனக்குக் கொடு நான் உனக்குக் கொடுக்கிறேன் என்று கூட்டமாகச் சேர்ந்து மாற்றிக்கொள்வதும் விதிக்குப் புறம்பானதுதான். உண்மையாகவே கூட்டு வேலை செய்யும் இருவர் ஒருவரை ஒருவர் சுட்டுவதில் தவறில்லை.

கேட்காமலேயே கண்ட கண்ட தளத்திலிருந்து லிங்க் வந்திருக்கிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள். எல்லாத் தளத்துக்கும் அது வரும், விட்டுவிடுங்கள். இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் டிசவோ என்ற கருவி, முன்பு காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கானது. பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையில்லை என்று கூகுளே சொல்கிறது.

கணக்கு வைப்பது

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். யாருக்கு எழுதினோம், எந்தத் தேதியில், நம் எந்தப் பக்கத்தைக் காட்டி, பதில் என்ன, லிங்க் வந்ததா. வாரத்துக்கு நாலைந்து கடிதம், ஒவ்வொன்றும் அந்தத் தளத்தை உட்கார்ந்து படித்துவிட்டு எழுதியது. அதற்கு மேல் எழுதினால் தரம் குறைந்துவிடும். பதில் வராதவைதான் அதிகம் இருக்கும். லிங்க் கிடைத்த மறுநாளே தரவரிசை ஏறாது, வாரங்கள் ஆகும், சில நேரம் மாதங்கள். அதனால் தினமும் கூகுளில் தேடிப் பார்ப்பதை விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலில் அந்தக் குறிப்பிட்ட பக்கம் எத்தனை முறை தேடலில் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், எந்தச் சொற்களுக்கு வருகிறது என்று மட்டும் எழுதிவையுங்கள். லிங்க் வந்து சேர்ந்த பக்கத்திலிருந்து நம் விற்பனைப் பக்கங்களுக்கு உள்லிங்க் இருக்கிறதா என்றும் பாருங்கள். அட்டவணையில் கருப்புக் கவுனி என்ற பெயரைத் தொட்டால் அந்த அரிசியை வாங்கும் பக்கம் திறக்கவேண்டும், அப்போதுதான் வந்த மதிப்பும் வாசகரும் கடைக்குள் வருவார்கள்.

மூன்று மாதம் ஆனதும் அந்த ஸ்ப்ரெட்ஷீட்டை எடுத்து, லிங்க் கிடைத்த கடிதங்கள் எந்தப் பக்கத்தைக் காட்டி எழுதியவை என்று பாருங்கள். ஊறவைக்கும் அட்டவணைக்குத்தான் வந்திருக்கிறது, சாகுபடிக் குறிப்புக்கு வரவில்லை என்றால், அடுத்து இட்லி மாவுக்கு அரைக்க வேண்டிய அளவுகளை அதே போலச் சோதித்து எழுதுங்கள்.